பிள்ளைக்கு எத்தனை மாசம்?

சின்னசேலத்தில் ஒரு பெண் ஊரை விட்டுக் கிளம்ப மூன்று காரணங்கள் செல்லுபடியாகும்: கல்யாணம், சாவு, கோவில். ஆஸ்பத்திரி நான்காவது. அதற்கும் கூட ஒரு ஆள் வர வேண்டும். "சும்மா ஊர் பார்க்கப் போறேன்" என்பது காரணமே அல்ல. ஆண்கள் போகிறார்கள். பெரியார் அருவியில் தண்ணீர் விழுகிறது என்று கேள்விப்பட்டால் நான்கு பைக்கில் எட்டுப் பேர் கல்வராயன் மலை ஏறிவிடுகிறார்கள். ஏன் போகிறாய் என்று அவர்களை யாரும் கேட்டதில்லை.

என் கல்லூரித் தோழி ஒருத்தி ஐரோப்பாவில் வேலை பார்க்கிறாள். விடுமுறைக்குத் தனியாகப் பிராக் நகருக்குப் போயிருந்தாள். வல்தாவா ஆற்றங்கரையில் இருக்கும் பழைய நகரம் அது. அங்குள்ள சார்லஸ் பாலத்தை 1357இல் கட்டத் தொடங்கினார்களாம். ஒரு நாள் முழுக்கத் தனக்கென்று ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொண்டதாகச் சொன்னாள். "காலையில வாசலுக்கு வந்தாங்க. சாயங்காலம் வரைக்கும் நான் கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னாங்கடி" என்றாள். பாலமோ அரண்மனையோ எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. 'நான் கேட்டதுக்கெல்லாம்' என்ற சொல்தான் மனதில் தங்கியது. நாங்கள் பார்த்த கோவில்களை எல்லாம் அப்பாவுக்குப் பின்னாலும் அண்ணனுக்குப் பின்னாலும் நடந்துதான் பார்த்திருக்கிறோம். வழிகாட்டி அவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசுவார். நாங்கள் செருப்புக்குக் காவல்.

ஆற்றங்கரைப் பழைய நகரத்துக்கு நாங்கள் கடல் தாண்ட வேண்டியதில்லை. எங்கள் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே திருக்கோவிலூர் இருக்கிறது. நந்தி மலையில் பிறந்து, கிருஷ்ணகிரி வழியாகச் சாத்தனூர் அணைக்கு வந்து, கடலூர் அருகே கடலில் சேரும் தென்பெண்ணையின் கரை அது. சங்க காலத்தில் மலையமான் திருமுடிக்காரியின் ஊர். தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்குச் சிறுவயதில் மணலூர்பேட்டை வரை வேனில் போயிருக்கிறோம். மணலில் உட்கார்ந்து புளிச்சோறு தின்றுவிட்டுத் திரும்புவோம். திருக்கோவிலூருக்குள் நின்று ஒரு கல்லைக்கூடப் பார்த்ததில்லை.

போன தை மாதம் நானும் அக்காவும் போனோம். அக்காவின் வீட்டுக்காரர் இறந்து இரண்டு வருடம். சேலம் நெடுஞ்சாலையில் லாரி மோதியது. அன்று அவள் மகனுக்குப் பதினோரு மாசம். அதன் பிறகு அவள் கடைக்கும் ரேஷனுக்கும் தவிர எங்கும் போகவில்லை. உறவுக்காரர் கல்யாணம் ஒன்றுக்குப் போனபோது, "நீ பின்னால உக்காரும்மா, முகூர்த்தம் முடியட்டும்" என்று ஒரு பெரியம்மா பாசமாகவே சொன்னார். எங்கள் பக்கத்தில் இதையெல்லாம் பாசமாகத்தான் சொல்வார்கள்.

பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டுக் கிளம்பினோம். கள்ளக்குறிச்சி வரை டவுன் பஸ். 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அங்கிருந்து தியாகதுருகம், ரிஷிவந்தியம் வழியாக இன்னொரு பஸ். திருக்கோவிலூரில் எங்களுக்காகக் காத்திருந்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். கேட்பவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவார். ஒரு நாளைக்கு ஆயிரம் ரூபாய், மதியச் சாப்பாடு, ஆட்டோ செலவு என்று போனிலேயே பேசியிருந்தேன். இறங்கியதும் எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "வீட்டுல ஆம்பளைங்க யாரும் வரலீங்களாம்மா?"

"இல்லீங்க ஐயா. நாங்க ரெண்டு பேருதான்."

"சரி வாங்க" என்றார். முதலில் உலகளந்த பெருமாள் கோவில். முதல் மூன்று ஆழ்வார்களும் ஒரு மழை இரவில் சந்தித்த இடைகழியின் கதையைச் சொன்னார். ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம் என்ற அளவே இடம். பொய்கையார் படுத்திருக்கப் பூதத்தார் வந்தார், பேயார் வந்தார், மூவரும் நின்றார்கள், நான்காவதாகப் பெருமாளே வந்து நெருக்கினார் என்று சொல்லும்போது அவர் முகம் மலர்ந்தது. அழகான கதைதான். எனக்கோ வேறு எண்ணம் ஓடியது. அந்த மழையில் ஒரு பெண் ஒதுங்க வந்திருந்தால் அந்த இடைகழியில் நின்றிருப்பாளா? வந்ததாக ஒரு கதை உண்டானால்கூட, அது பக்திக் கதையாக இருந்திருக்காது.

பாலம் கடந்து வடகரைக்கு, அரகண்டநல்லூருக்குப் போனோம். அது விழுப்புரம் மாவட்டம். பாறை மேல் கோவில். ரமண மகரிஷி 1896இல் வீட்டுக்குச் சொல்லாமல் திருவண்ணாமலைக்குக் கிளம்பியபோது வந்த இடம் என்றார் ஐயா. அப்போது அவருக்கு 16 வயது. ரயிலுக்குக் காசு மாம்பழப்பட்டு வரைதான் போதுமாக இருந்தது. மிச்சத்தை நடந்தார். மறுநாள் கீழையூரில் முத்துகிருஷ்ண பாகவதர் வீட்டில் சாப்பிட்டு, காதுக் கடுக்கனை நான்கு ரூபாய்க்கு அடகு வைத்துப் பயணத்தைத் தொடர்ந்தார். கோகுலாஷ்டமிக்குச் செய்த பலகாரத்தைப் படைப்பதற்கு முன்பே பொட்டலம் கட்டிக் கொடுத்தார் அந்த வீட்டுப் பெண்மணி.

"பதினாறு வயசுப் பொண்ணு இப்படி வந்திருந்தா பலகாரம் குடுத்திருப்பாங்களா, பாப்பா?" அக்கா என் காதருகே கேட்டாள். கடுக்கனைக் கழற்றி அடகு வைக்கும் பெண்ணை எந்த வீட்டில் நம்பியிருப்பார்கள்? திருட்டு நகை என்பார்கள். ஓடிவந்தவள் என்பார்கள். தகப்பன் பெயர் கேட்டு ஆள் அனுப்புவார்கள். ஒரு பையன் வழியில் மயங்கி விழுந்தால் ஞானம் தேடுகிறான் என்று நம்ப ஊர் தயாராக இருந்தது. தேடல் என்பது மனம் மட்டுமல்ல. வழியில் சோறு கிடைக்கும், படுக்கத் திண்ணை கிடைக்கும் என்கிற ஏற்பாடும்தான். அந்த ஏற்பாடு பெண்களுக்கு இருந்ததில்லை.

மறுபடி தென்கரை, கீழையூர். வீரட்டானேசுவரர் கோவிலுக்குப் பின்னால் ஆற்றுக்குள் தனியாக ஒரு பெரும்பாறை நிற்கிறது. உச்சியில் சிறிய சன்னிதி. கபிலர் குன்று. பறம்பு மலையை மூவேந்தரும் முற்றுகையிட்டுப் பாரியைக் கொன்றபின், அவன் மகளிரைக் கூட்டிக்கொண்டு கபிலர் நடந்தார். விச்சிக்கோவிடம் கேட்டார், ஏற்கவில்லை. இருங்கோவேளிடம் கேட்டார், அவனும் ஏற்கவில்லை. கடைசியில் திருக்கோவிலூர் மலையனுக்குக் கொடுத்துவிட்டு இங்கே உயிர் துறந்தார் என்பது மரபு. வடக்கிருந்தார் என்பது ஒரு முடிவு. தீப்புகுந்தார் என்கிறது இந்தக் கோவில் கல்வெட்டு. "என்ன நட்பு பாருங்கம்மா! நண்பனோட பிள்ளைங்களைக் கரை சேர்த்துட்டு உசிரை விட்டாரு" என்றார் ஐயா. அவர் குரல் கம்மியது.

நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். 2007இல் 'சிவாஜி' படம் வந்தபோது அக்கா பத்தாவது, நான் எட்டாவது. அங்கவை, சங்கவை என்ற பெயரில் இரண்டு கறுப்புப் பெண்களைக் காட்டி அதில் சிரிக்க வைத்திருப்பார்கள். நாங்கள் இரண்டு பேரும் கறுப்பு. அந்த வருடம் முழுக்க எங்கள் தெருவில் எங்களுக்கு அதுதான் பெயர். அந்தப் பெயர்கள் யாருடையவை என்று கிண்டல் செய்தவர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. பிறகு அக்காவுக்கு ஆறு வருடம் மாப்பிள்ளை பார்த்தார்கள். வந்தவர்கள் பஜ்ஜி சாப்பிட்டார்கள். "சொல்லி அனுப்புறோம்" என்று போனார்கள். விச்சிக்கோவும் இருங்கோவேளும் எப்படி மறுத்திருப்பார்கள் என்று எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"கபிலர் செத்த பிறகு அந்தப் பொண்ணுங்க என்ன ஆனாங்க ஐயா?" என்று கேட்டேன்.

அவர் சற்று நேரம் ஆற்றைப் பார்த்தார். "அதைப் பத்தி பாட்டு ஒண்ணும் இல்லீங்கம்மா" என்றார்.

புறநானூற்றின் 112ஆம் பாடல் பாரி மகளிர் பாடியது. ஒரு மாதத்துக்கு முன் தந்தை இருந்தார், குன்றும் எங்களுடையதாக இருந்தது, இந்த மாதம் இரண்டும் இல்லை என்பதுதான் அதன் பொருள். அங்கவை, சங்கவை என்ற பெயர்கள்கூடச் சங்கப் பாடலில் இல்லை, பிற்காலத்தில் வந்தவை. கல்வெட்டோ பெயரே சொல்லாமல், அடைக்கலமாக வந்த பெண் என்று குறிக்கிறது. எழுதத் தெரிந்தவர்கள் அவர்கள். இழந்ததைப் பாடினார்கள், நமக்குக் கிடைத்தது. கல்யாணத்துக்குப் பின் பாடினார்களா, யாராவது பாட விட்டார்களா? கரை சேர்த்தாயிற்று என்று ஆண்கள் நிம்மதியாக முடிக்கும் இடத்தில் பெண்ணின் குரல் நின்றுவிடுகிறது. ஊரே பாறைக்குப் பெயர் வைத்தது. அந்தப் பெயர் கபிலருடையது.

மதியம் மெஸ்ஸில் சாப்பிட்டோம். பிறகு கோவில் சுவரில் அதே கல்வெட்டின் முன்னால் நின்றோம். ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டு. எழுத்து எங்களுக்குப் பிடிபடவில்லை. ஐயா நோட்டில் எழுதி வைத்திருந்ததைப் படித்து விளக்கினார். ராஜராஜனின் தாய் வானவன் மாதேவி மலையமான் குலத்தில் பிறந்தவர், இந்த ஊர்ப் பெண். கணவன் சுந்தர சோழன் இறந்தபோது உடன் எரி புகுந்தார். பால் குடிக்கும் குழந்தையைப் பிரிந்தாலும் தலைவனைப் பிரியாதவர் என்று கல்வெட்டு புகழ்கிறது. "கற்புக்கரசிம்மா" என்றார் ஐயா.

அக்கா அதுவரை அவரிடம் நேராக ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. இப்போது கேட்டாள்: "பிள்ளைக்கு எத்தனை மாசம்?"

"எந்தப் பிள்ளைக்கும்மா?"

"அதான், பால் குடிச்சுக்கிட்டு இருந்த பிள்ளை. எத்தனை மாசம்? அப்புறம் யாரு பால் குடுத்தாங்க?"

ஐயா நோட்டைப் பார்த்தார். நோட்டில் அது இல்லை. கல்லிலும் இல்லை. எத்தனையோ பேருக்கு இந்தக் கல்லைக் காட்டியிருப்பார். அதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அக்காவுக்கு அது வரலாற்றுக் கேள்வி அல்ல. வீட்டுக்காரர் போன அன்று அவளுக்கும் பால் கட்டிக்கொண்டது. துக்கத்துக்கு வந்த கூட்டத்தில் பிள்ளையை யாரோ தூக்கிக்கொண்டு வெளியே போயிருந்தார்கள். நெஞ்சு கல்லாக இறுகி, சேலை நனைந்து, "பிள்ளையைக் குடுங்க" என்று அவள் கத்தியதைச் சிலர் புருஷனுக்கான அழுகை என்று நினைத்தார்கள்.

ஐயா திண்ணையில் உட்கார்ந்தார், எங்களையும் உட்காரச் சொன்னார். நோட்டை மூடிவிட்டு, நோட்டில் இல்லாத ஒன்றைச் சொன்னார்: "அதே வீட்டுல இன்னொரு அம்மா இருந்தாங்க. செம்பியன் மாதேவி."

சுந்தர சோழனின் பெரியப்பா கண்டராதித்தர். அவர் 957 வாக்கில் இறந்தபோது மகன் உத்தம சோழன் சிறு பிள்ளை. செம்பியன் மாதேவி தீயில் இறங்கவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்தார். செங்கல் கோவில்களைக் கல்லாக மாற்றிக் கட்டினார். கணவரின் நினைவாகக் கோனேரிராஜபுரம் கோவிலை எழுப்பினார். மகன் அரியணை ஏறியதையும் இறந்ததையும் பார்த்தார், ராஜராஜன் ஆட்சியிலும் இருந்தார். நாகப்பட்டினம் மாவட்டத்தில் இன்றும் ஒரு ஊர் அவர் பெயரில் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோவிலில் அம்மா வானவன் மாதேவிக்குப் படிமம் எடுத்து வைத்தவர் மகள் குந்தவை. அவரும் தீயில் இறங்காதவர்.

"அப்ப எரியணும்னு கட்டாயம் இல்லையா?" என்றாள் அக்கா.

"இல்லை போலிருக்குதும்மா" என்றார் ஐயா மெதுவாக.

ஒரே அரண்மனை, ஒரே நூற்றாண்டு, கையில் பிள்ளையோடு இரண்டு விதவைகள். ஒருத்தி எரிந்ததைப் புகழ்ந்து பாடி வைத்தார்கள். இன்னொருத்தி உயிரோடு இருந்ததைப் புகழ ஆள் தேட வேண்டியிருந்தது. அவரே கோவில் கோவிலாகக் கட்டி எழுதிக்கொண்டார். உடன்கட்டை ஏறுவதை 1829இல் சட்டம் தடுத்தது. 1987இல் ராஜஸ்தானின் தேவராலாவில் ரூப் கன்வர் எரிந்தபின் வந்த சட்டம், அதைப் புகழ்வதையும் குற்றமாக்கியது. புகழ்ச்சி எவ்வளவு ஆபத்தானது என்று சட்டத்துக்கே தெரிய அவ்வளவு காலம் பிடித்தது. கல்யாண மண்டபத்தில் பின்வரிசையைக் காட்டும் கை தீ மூட்டுவதில்லை. ஆனால் நீ முன்னால் இருக்க வேண்டியவள் அல்ல என்ற அதே பாடத்தைத்தான் அது சொல்லித் தருகிறது.

ஐயாவை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் சொன்னதெல்லாம் அவருக்குச் சொல்லிக் கொடுத்தவை. கேள்வி வந்ததும் செம்பியன் மாதேவியை எடுத்துவர அவருக்குத் தெரிந்திருந்தது. அதுவரை அவரிடம் யாரும் கேட்கவில்லை. வழிகாட்டியை அமர்த்துவது என்றால் இதுதான் என்று எனக்கு அப்போது விளங்கியது. ஆயிரம் ரூபாய் கொடுத்து நாங்கள் வாங்கியது கோவிலையோ ஆற்றையோ அல்ல. முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல ஒரு ஆளை, ஒரு பகல் முழுக்க.

திரும்பும்போது ஐயா அக்காவிடம், "கல்வெட்டுப் படிக்க ஆசையா இருந்தா வாங்கம்மா, எழுத்து சொல்லித் தர்றேன்" என்றார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, பிள்ளை சாப்பிட்டானா என்று அம்மாவுக்குப் போன் செய்தாள். பிறகு அந்த எண்ணைக் கேட்டு வாங்கிப் பதிந்துகொண்டாள்.

இப்போது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய் வருகிறாள். எங்கே போகிறாய் என்று தெருவில் கேட்டால், "படிக்கப் போறேன்" என்கிறாள். எங்கள் ஊரில் அது இன்னும் காரணங்களின் பட்டியலில் சேரவில்லை. கேட்பவர்கள் ஒரு நிமிடம் நின்று பார்க்கிறார்கள். அதற்குள் பஸ் கிளம்பிவிடுகிறது.