மூன்று சொம்பு தண்ணீர்

மணிக்கு 12 வயது. முகம் நரைத்ததையும் கண்ணில் நீலம் படர்ந்ததையும் முதலில் பார்த்தது நான்தான். படமெல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன்.

"கிண்ணத்துல அடிக்கடி தண்ணி ஊத்த வேண்டியிருக்குடா" என்று சித்திரையில் அம்மா சொன்னாள். "வெயில்மா" என்றேன். ஐப்பசி மழையிலும் அவள் ஊற்றிக்கொண்டுதான் இருந்தாள். ராத்திரி ரெண்டு மணிக்கு, வெளியே விடச் சொல்லி மணி கதவைச் சுரண்ட ஆரம்பித்தான். தூக்கம் கெடுகிறதே என்று, படுக்கும் முன் கிண்ணத்தை எடுத்து மேலே வைத்துவிடுவேன்.

கண்ணைக் காட்டத்தான் போனோம். "இது வயசு, பார்வை இருக்கு" என்ற டாக்டர், "தண்ணி எவ்வளவு குடிக்கிறான்?" என்றார். நான் அம்மாவைப் பார்த்தேன்.

"மூணு சொம்பு. முன்னெல்லாம் ஒண்ணே மிஞ்சும்."

20 கிலோ நாய் ஒரு நாளில் 2 லிட்டருக்கு மேல் குடித்தால் உடனே காட்ட வேண்டுமாம். ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறியிருந்தது. அது ஏறித் தெரியும்போது சிறுநீரகத்தின் திறனில் முக்கால் பங்கு போயிருக்கும். உடம்பு நீரைப் பிடித்துவைக்க முடியாமல் விடுகிறது. அதை ஈடுகட்டத்தான் குடிக்கிறான்.

"தண்ணிய மட்டும் நிறுத்திடாதீங்க" என்றார். அம்மா என் பக்கம் திரும்பவில்லை.

இப்போது இரவுக் கிண்ணத்தை நான்தான் அளந்து நிரப்புகிறேன். காலண்டரில் குறித்துவைக்கிறேன். ரெண்டு மணிக்குச் சுரண்டும் சத்தம் கேட்டால் எழுந்து கதவைத் திறக்கிறேன்.