செம்பட்டைக்கும் கறுப்புக்கும் நடுவே ஒரு ஞாயிற்றுக்கிழமை

மருதாணி மட்டும் போட்டால் நரை கறுக்காது; செம்பட்டையாகும். அரைகுறையாகக் கேள்விப்பட்டு, கல்யாணத்துக்கு முதல் நாள் தலையில் அப்பிக்கொண்டு, மறுநாள் மண்டபத்தில் அந்திவானம் போல வந்து நிற்பவர்களை ஜொகூரின் கெலாங் பாத்தாவிலும் பார்க்கலாம், கெடாவிலும் பார்க்கலாம். தப்பு இலையின் மேல் இல்லை. மருதாணியில் உள்ள லாசோன் என்ற சாயத்துக்குத் தெரிந்த நிறம் அது ஒன்றுதான். கறுப்பு வேண்டுமானால் நீலச்சாயம் தரும் அவுரியும் வர வேண்டும், அதுவும் மருதாணிக்குப் பிறகு.

கெலாங் பாத்தா பக்கத்திலிருந்து சிங்கப்பூரின் துவாஸுக்குப் போகும் இரண்டாவது பாலம் 1998இல் திறக்கப்பட்டது. விடியுமுன் எழுந்து அந்த வழியாக வேலைக்குப் போய், இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர்களுக்கு வார நாளில் தலையைக் கவனிக்க ஏது நேரம்? சில நிமிடங்களில் கறுப்பாக்கும் பாக்கெட்டுகள் விற்பதற்கு அதுவே போதுமான காரணம். இலைச்சாயம் ஞாயிற்றுக்கிழமை வேலை.

சனிக்கிழமை இரவே மருதாணிப் பொடியை ஆறிய தேத்தண்ணியில் எலுமிச்சைச் சாறு விட்டுக் குழைத்து மூடி வைக்கிறார்கள். புளிப்பு, லாசோனை மெல்ல வெளியே விடும். காலையில் மேல்பரப்பு பழுப்பேறியிருந்தால் பதம் சரி. இந்தச் சாயம் முடியின் கெரட்டின் புரதத்தோடு பிணைந்துகொள்வதால் அலசினாலும் போகாது. இரும்புச் சட்டியில் நெல்லிப்பொடி சேர்த்து ஊறவைக்கும் பாட்டி முறையிலும் விஷயம் உண்டு. நெல்லியின் துவர்ப்பும் இரும்பும் கூடினால் கருமை பிறக்கும். அந்தக் காலத்து எழுதும் மையை இதே கூட்டணியில்தான் காய்ச்சினார்கள்.

அவுரிக்கு நேர்மாறான குணம். ஊறவைத்தால் கெட்டது. வெதுவெதுப்பான நீரில் குழைத்துப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தலைக்கு ஏற்றிவிட வேண்டும். இலையில் இருப்பது நீலம் அல்ல, நிறமே இல்லாத இண்டிகன். நீர் பட்டு உடைந்து, காற்று பட்டு நீலமாகிறது. அந்த மாற்றம் கிண்ணத்திலேயே முடிந்துவிட்டால் முடிக்கு என்ன மிஞ்சும்? மருதாணிச் சிவப்பின் மேல் இந்த நீலம் ஏறும்போதுதான் கறுப்பு. அலசியதும் லேசாகப் பச்சை தட்டும். ஓரிரு நாளில் அடங்கிவிடும், அதுவரை ஷாம்பு வேண்டாம். அறுத்த புல்லின் வாடை வீட்டில் சுற்றும். பிடிக்காதவர்கள் வாசலில் உட்காரலாம்.

தமிழ்நாட்டில் திண்டிவனம் வட்டாரம் அவுரிக்குப் பேர்போனது. ராஜஸ்தானின் சோஜத் மருதாணி 2021இல் புவிசார் குறியீடே வாங்கிவிட்டது.

வேலியோரச் சங்குப்பூவை நம்பிப் பயனில்லை. நாசி கெராபு சோற்றை நீலமாக்கும் அந்தப் பூவின் நிறம் முடியில் ஒட்டாது, ஒரு குளியலில் கரைந்துபோகும். கரிசலாங்கண்ணித் தைலம் தமிழர் வீட்டிலும் உண்டு, ஊராங் ஆரிங் என்ற பெயரில் மலாய்க்காரர் வீட்டிலும் உண்டு. தேய்க்கட்டும், நல்லது; வெளுத்த முடி அதனால் கறுத்துவிடாது.

ஜொகூர் மண்ணுக்குச் சாயச்செடி புதிதல்ல. ரப்பருக்கு முன்னால், 1840களிலிருந்து இங்கே ஆற்றோரங்களில் சீனர்கள் காம்பீர் பயிரிட்டார்கள். அதன் இலையைக் காய்ச்சி இறுக்கிய கட்டி தோல் பதனிடவும் துணிக்குச் சாயமேற்றவும் கப்பலேறியது, வெற்றிலையோடும் மென்றார்கள். பக்கத்திலிருக்கும் கங்கார் பூலாய் அந்தக் காம்பீர் காலத்து ஊர்ப்பெயர்தான். பிறகு காம்பீர் ஒடுங்கி ரப்பர் வந்தது, ரப்பருக்காகத் தமிழர்கள் வந்தார்கள். இந்தியாவிலும் சாயச்செடிக்கு இதே கதிதான். 1897இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப் செயற்கை நீலத்தை விற்கத் தொடங்கியதும் அவுரி வயல்கள் சுருங்கின.

இனி அந்த அவசரப் பாக்கெட். மேலே மருதாணிப் படம், உள்ளே அரை மணியில் கன்னங்கரேல் என்றால் அது இலையின் வேலையாக இருக்க வாய்ப்பில்லை, பெரும்பாலும் பி.பி.டி. என்ற ரசாயனம். ஐரோப்பிய ஒன்றியம் தலையில் படும் கலவையில் இதற்கு 2 சதவீதம்தான் அனுமதிக்கிறது. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அடுத்த முறை முகமே வீங்கலாம். காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி இரண்டு நாள் பார்ப்பதில் நஷ்டமில்லை.

சுத்தமான இலைக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. மலேசியாவில் குழந்தை பிறந்ததுமே தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அந்தக் குறைபாடுள்ள குழந்தைக்கு லாசோனே சிவப்பணுக்களை உடைத்துவிடக்கூடும். தலைக்குப் போட்டு மிஞ்சிய மருதாணியைப் பேரப்பிள்ளையின் உள்ளங்கையில் வட்டமாக வைக்க நினைக்கும் பாட்டி, முதலில் பிள்ளையின் மருத்துவப் புத்தகத்தை வாங்கிப் பார்ப்பது நல்லது.