வானம் இல்லாத சதுக்கம்

லாஸ் ஏஞ்சலஸ் கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் கமீய் பிஸாரோவின் அந்த ஓவியத்தில் வானமே கிடையாது. மேலிருந்து பார்த்த ஒரு பாரிஸ் சதுக்கம், சட்டத்தின் விளிம்புவரை தரை. அதில் குதிரை வண்டிகள், குதிரைகள் இழுக்கும் ஆம்னிபஸ்கள், நடந்துபோகும் ஜனங்கள். கிட்டப் போனால் ஆட்கள் காணாமல் போகிறார்கள். கரும்பழுப்பில் ஒரு தீற்றல், அதன் கீழே இன்னும் மெலிதாக ஒன்று. அவ்வளவுதான் ஒரு மனிதர். நாலடி பின்னால் வந்ததும் அதே தீற்றல் தெருவைக் கடக்கத் தொடங்குகிறது.

அதைப் பார்த்த நாளிலிருந்தே அந்த இடத்தில் நிற்க வேண்டும் என்ற ஆசை. லூவர் அருங்காட்சியகத்திலிருந்து சில நிமிட நடைதான். பிரெஞ்சு நாடக அரங்கச் சதுக்கம் என்று அன்று சொன்னதை இப்போது ஆந்த்ரே மல்ரோ சதுக்கம் என்கிறார்கள். அரங்கம் இருக்கிறது. பிஸாரோ அறை எடுத்து வரைந்த ஹோட்டல் டு லூவரும் இருக்கிறது. கீழே நின்று அதன் ஜன்னல்களை வெகுநேரம் அண்ணாந்து பார்த்தேன். வயல்வெளிகளிலேயே பெரும்பாலும் வரைந்த மனிதர் 67 வயதில் ஜன்னலுக்குப் பின்னால் வந்ததற்குக் காரணம் கண்நோய். காற்றும் தூசியும் ஆகவில்லை. 1897 டிசம்பர் தொடங்கி அடுத்த வசந்தம் வரை, மழையிலும் பனியிலும் வெயிலிலும் இதே காட்சியைத் திரும்பத் திரும்ப வரைந்தார்.

உயரத்திலிருந்து பார்த்ததால் மனிதர்களை எறும்புகளாக்கிவிட்டார் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் குளிர்காலத்தை நினைத்துப் பாருங்கள். பிரெஞ்சு ராணுவத்தின் யூத அதிகாரி ட்ரைஃபுஸ் செய்யாத தேசத்துரோகத்துக்காகத் தீவுச்சிறையில் கிடந்தார். அவருக்காக எழுத்தாளர் எமில் ஸோலா எழுதிய பகிரங்கக் கடிதம் 1898 ஜனவரி 13 அன்று வெளியானது. பாரிஸ் தெருக்களில் யூதர்களுக்கு எதிராகக் கும்பல்கள் கோஷம் போட்டன. பிஸாரோவும் யூதர், ஸோலாவின் பக்கம் நின்றவர். பழைய நண்பரான ஓவியர் தேகா அவரோடு பேசுவதையே விட்டுவிட்டார்.

கூட்டத்தைக் கண்டு அஞ்ச அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. ஆனாலும் அவர் வரைந்த கூட்டத்தில் ஒரு கும்பல்கூட இல்லை. யாரும் யார் பின்னாலும் திரளவில்லை. ஒருவர் வண்டியை நோக்கிப் போகிறார், இன்னொருவர் குறுக்கே வருகிறார்; ஒவ்வொருவருக்கும் தனித்தனி வேலை, தனித்தனி வழி. சீமானுக்கும் வண்டிக்காரருக்கும் தூரிகை கொடுத்த அளவு ஒன்றே. பிஸாரோ அரசதிகாரத்தை நம்பாத அராஜகவாதி என்பதும் இங்கே நினைவுக்கு வர வேண்டும். தலைவன் இல்லாமலே ஒரு நகரம் ஒழுங்காக நகரும் என்பதை ஜன்னலிலிருந்து கண்ணால் பார்த்து வரைந்திருக்கிறார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

1898 ஜூனில் த்யூரான்-ருவேல் ஓவியக்கூடத்தில் இந்த ஓவியங்கள் மக்கள் பார்வைக்கு வந்தன. ட்ரைஃபுஸ் அப்போதும் சிறையில்தான் இருந்தார்.