விரலை எடுக்கும் நேரம்

மதியக் கச்சேரிக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. மயிலாப்பூரில் உள்ள அந்தச் சபாவின் மேடையில் ஜமுக்காளம் விரித்தாகிவிட்டது. மைக்செட்காரர் ஒவ்வொரு மைக்காகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடைக்குக் கீழே, இடது பக்கத் தூணை ஒட்டி நின்ற புகைப்படக்காரர் வேறொரு சோதனையில் இருந்தார். கேமராவின் பொத்தானை அழுத்துவார். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் உதவியாளரைப் பார்ப்பார். "கேக்குதுண்ணா" என்று பையன் சொன்னால் ஏதோ ஒன்றை மாற்றிவிட்டு மறுபடி அழுத்துவார். பாடகர் இன்னும் வந்து சேரவில்லை. இவருடைய வேலை தொடங்கிவிட்டது.

மார்கழி சீசனில் சென்னை சபாக்களில் படமெடுப்பவர்களைப் பார்க்கத்தான் நான் போயிருந்தேன். பத்திரிகைக்காக வருபவர்கள், சபாவுக்காக எடுப்பவர்கள், அழைப்பிதழுக்கும் இணையப் பக்கத்துக்கும் நல்ல படம் வேண்டும் என்று கலைஞர்களே கூட்டிவருபவர்கள் எனப் பலர் உண்டு. எல்லாருக்கும் சிக்கல் ஒன்றுதான். ஆலாபனையில் பாடகர் மேல் சட்ஜத்தில் நிற்கிறார், வயலின் அடங்கிவிடுகிறது, தம்புரா மட்டும் கேட்கிறது. முகம் மலர்வது அப்போதுதான். அரங்கே மூச்சடக்கிக் கேட்பதும் அப்போதுதான். அந்த இடத்தில் 'கிளிக்' என்று ஒரு சத்தம் எழுந்தால் நாலு தலைகள் திரும்பும். கச்சேரி பதிவாகிக்கொண்டிருந்தால் பதிவிலும் அது விழும். 2020-ல் கொரோனாவால் மார்கழிக் கச்சேரிகள் இணையத்துக்குப் போனபோது, ரசிகர்களின் இருமலும் இல்லாத அரங்குகளில் ஷட்டர் சத்தத்துக்கு ஒளிந்துகொள்ள இடமே இல்லாமல் போயிற்று.

டிஎஸ்எல்ஆர் கேமராவின் 'கிளிக்' உண்மையில் பல சத்தங்களின் கூட்டு. லென்ஸுக்குப் பின்னால் சாய்வாக நிற்கும் கண்ணாடி முதலில் மேலே மடங்கி அடிக்கிறது. ஷட்டரின் முதல் திரை திறக்கிறது, இரண்டாம் திரை மூடுகிறது. கண்ணாடி கீழே இறங்குகிறது. அடுத்த படத்துக்காக மோட்டார் ஷட்டரை மறுபடி ஏற்றிவைக்கிறது. கண்ணிமைப்பதற்குள் இத்தனையும் நடந்து முடிகிறது.

காட்சியைப் பின்திரையில் பார்க்கும் 'லைவ் வியூ' முறைக்குப் போனதும் கண்ணாடி மேலே மடங்கி அங்கேயே நின்றுவிடுகிறது. சென்சாரில் விழும் காட்சி நேராகப் பின்திரைக்கு வருகிறது. 2006-ல் வந்த ஒலிம்பஸ் ஈ-330 டிஎஸ்எல்ஆர் கேமராக்களில் இதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. 2007-ல் கேனான் 40டி இந்த வசதியோடு சத்தம் குறைக்கும் இரண்டு முறைகளையும் சேர்த்தது. அடுத்த ஆண்டு வந்த 5டி மார்க் 2-விலும் அவை இருந்தன. தூணோரம் நின்றவரின் கையில் இருந்தது அந்த 5டி மார்க் 2. "பழைய பாடிதான். ரெண்டாவது மோடுக்காகவே விக்காம வச்சிருக்கேன்" என்றார்.

முதல் முறையில், படத்தின் தொடக்கத்தைச் சென்சாரே மின்னணு வழியில் பார்த்துக்கொள்கிறது. முதல் திரைக்கு வேலையில்லை. இரண்டாம் திரை மட்டும் மூடும், உடனே ஷட்டர் ஏறிக்கொள்ளும். இரண்டாம் முறையில் அந்த ஏற்றமும் தள்ளிப்போகிறது. பொத்தானை முழுதாக அழுத்திப் பிடித்திருக்கும்வரை கேமரா காத்திருக்கும். விரலைப் பாதியளவு தளர்த்தினால்தான் மோட்டார் ஓடும். தொடர்ச்சியாக எடுக்க முடியாது. ஓர் அழுத்தத்துக்கு ஒரே படம்.

அதாவது, சத்தத்தின் ஒரு பகுதியை எப்போது வெளியே விடுவது என்பது புகைப்படக்காரரின் விரலிடம் வந்துவிடுகிறது. இந்தச் சிறு வசதியை வைத்து அவர் செய்வதைக் கச்சேரியில் பார்த்தேன்.

ராக ஆலாபனையின் உச்சத்தில் அழுத்தினார். பக்கத்தில் இருந்த எனக்கு மெல்லிய 'டக்' மட்டும் கேட்டது. விரல் பொத்தானிலேயே இருந்தது. பாடகர் அந்தப் பிடியை முடித்து இறங்க, ரசிகர்களிடமிருந்து "ஆஹா" எழுந்தது. அந்தச் சத்தத்துக்குள் விரலைத் தளர்த்தினார். தாளவாத்தியக்காரர்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் இது இன்னும் நுட்பமாயிற்று. மிருதங்கக்காரர் முடிப்புக்கு அடையாளமான மோராவுக்கு வந்ததும் இவர் மோனோபாடை இறுக்கினார். கால் கட்டைவிரல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. முடிப்புச் சொற்கட்டான கோர்வையின் மூன்றாவது சுற்று முடிந்து, வாசித்தவரின் கை தோலிலிருந்து எழுந்த கணத்தில் ஒரே படம். அரங்கு கைதட்டியபோது ஷட்டர் ஏறியது யாருக்கும் கேட்கவில்லை.

"கோர்வை மூணு தரம் வரும். மூணாவது எங்க முடியும்னு தெரியாம நின்னா கைதட்டல்தான் கிடைக்கும், கை கிடைக்காது" என்று இடைவேளையில் பையனிடம் சொன்னார். தாளக்கணக்கை அவர் இந்த வேலைக்காகவே கற்றுக்கொண்டவர்.

இந்த முறைக்குத் தொல்லைகளும் உண்டு. ஆட்டோஃபோகஸில் 'க்விக்' முறையை வைத்தால் ஃபோகஸ் செய்வதற்காகக் கண்ணாடி ஒருமுறை இறங்கி ஏறும்; தவிர்க்க நினைத்த சத்தமே திரும்பி வரும். அதனால் திரையில் காட்சியை ஐந்து மடங்கு, பத்து மடங்கு பெரிதாக்கிக் கையாலேயே ஃபோகஸ் செய்கிறார்கள். ஃப்ளாஷ் போட்டால் இந்த அமைதி முறைகள் எடுபடாது. பேட்டரி சீக்கிரம் தீரும். எல்லாவற்றையும்விடப் பெரிய தொந்தரவு வெளிச்சம்: இருண்ட அரங்கில் ஒளிரும் பின்திரை, பின்வரிசைக்காரரின் கண்ணில் குத்தும். இவர் திரையின் பிரகாசத்தைக் கடைசி அளவுக்குக் குறைத்து, சுற்றிலும் கறுப்புத் துணியால் கூடாரம் கட்டியிருந்தார். எடுத்த படத்தை உடனே காட்டும் வசதி, பீப் ஒலி, ஃபோகஸ் விளக்கு மூன்றையும் அணைத்திருந்தார்.

சினிமா ஸ்டில் போட்டோகிராபர்களுக்கும் இதே கவலை உண்டு. தமிழ்ப் படங்களில் பெரும்பாலும் பின்னால் டப்பிங் செய்வதால் அவர்களுக்கு நெடுங்காலம் சிரமம் தெரியவில்லை. 2001-ல் வந்த லகான் போல, படப்பிடிப்பிலேயே வசனத்தைப் பதிவு செய்யும் தளங்களில் நிலைமை வேறு. பூம் மைக் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும். ஹாலிவுட்டில் இதற்காகக் கேமராவையே நுரைமெத்தை வைத்த பெட்டிக்குள் அடைத்தார்கள். 'பிலிம்ப்' எனப்படும் அந்தப் பெட்டிகளைச் செய்து பெயர் வாங்கியது ஜேகப்ஸன் நிறுவனம். பெட்டி இல்லாதவர்கள் ஒத்திகையின்போதே எடுத்து முடித்தார்கள்.

மாலைக் கச்சேரிக்கு வந்த இளம்பெண்ணிடம் மிரர்லெஸ் கேமரா இருந்தது. அதில் கண்ணாடியே கிடையாது. மின்னணு ஷட்டரை வைத்தால் சத்தம் அறவே இல்லை. 2017-ல் வந்த நிக்கான் டி850-யின் லைவ் வியூவிலும் இப்படி எடுக்கலாம். அதே ஆண்டின் சோனி ஏ9 நொடிக்கு 20 படங்களைச் சத்தமின்றி எடுத்தது. 2021-ல் வந்த நிக்கான் இசட்9-இல் இயந்திர ஷட்டரையே எடுத்துவிட்டார்கள்.

ஆனால் பெரும்பாலான சென்சார்கள் காட்சியை மேலிருந்து கீழாக வரிசை வரிசையாகப் படிக்கின்றன. படித்து முடிப்பதற்குள் பொருள் நகர்ந்துவிட்டால், நேரான வயலின் வில் படத்தில் வளைந்து தெரியும். மேலே தூக்கிப் போட்ட கடம் கோணலாகும். விளக்கும் படுத்தும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. வேகமான ஷட்டரில் அது படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக விழுகிறது. "1/100க்கு மேல போக மாட்டேன் சார். பின்னாடி எல்இடி ஸ்க்ரீன் வச்சிருந்தா அதுவும் போதாது, முன்னாடியே வந்து டெஸ்ட் பண்ணணும்" என்றார் அந்தப் பெண். எல்லா வரிசையையும் ஒரே கணத்தில் படிக்கும் சென்சாரோடு சோனி ஏ9 III 2023-ல் அறிமுகமானது. அதன் விலை, சீசனுக்குச் சீசன் சம்பாதிப்பவர்களின் கைக்கு எட்டுவதல்ல.

இன்னொன்றையும் அவர் சொன்னார். சத்தம் இல்லாததால் விரல் நிற்பதில்லை. ஒரே பாவத்துக்கு நூறு படம் சேர்ந்துவிடுகிறது, இரவு முழுக்க உட்கார்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது. அதனால் அவர் தானாகவே ஒற்றைப் பட முறைக்கு மாறிவிட்டார்.

அன்று அந்த அரங்கில், முதல் இரண்டு உருப்படிகளுக்குப் பிறகு யாரும் படமெடுக்கக் கூடாது என்று மாலைக் கச்சேரிக்கு மட்டும் அறிவித்தார்கள். ஷட்டர் சத்தத்தாலும் ஃப்ளாஷாலும் நொந்துபோன ரசிகர்களுக்காக வந்த விதி, காரணம் நியாயமானது. ஆனால் வர்ணமும் ஒரு கிருதியும் முடிந்ததும் கேமராவைப் பையில் வைத்தால் தனி ஆவர்த்தனம் யாருடைய படத்திலும் இருக்காது. அது பிரதான உருப்படியின் முடிவில்தான் வரும். மிருதங்க, கட வித்வான்கள் பாடகருக்குப் பக்கத்தில் பாதி வெட்டுப்பட்ட தோளாகவே பதிவாகிப் போகிறார்கள். உருப்படிக் கணக்கு பார்க்கும் விதியைச் சத்தமும் வெளிச்சமும் பார்க்கும் விதியாக சபாக்கள் மாற்ற வேண்டும். ஃப்ளாஷ் இல்லாமல், திரையை மறைத்து, அமைதி முறையில் எடுப்பவர்களைத் தனி முடியும்வரை தூணோரம் நிற்க விட்டால், பக்கவாத்தியக்காரர்களுக்கும் அவர்கள் வாசித்துக்கொண்டிருக்கும் முகம் ஒரு படமாகக் கிடைக்கும்.