அந்தோனியார் கரையேற்றிய ஆறு

வைப்பாறு வருடத்தில் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் ஆறு. அதன் பிறப்பையும் நீளத்தையும் பள்ளிக்கூடப் புத்தகம் சொல்லிவிடும், இதைச் சொல்லாது. கரிசல்காட்டுக்காரர்களுக்கு வைப்பாறு என்றாலே மணல்தான். அதில் ஊற்றுத் தோண்டிக் குடித்தோம், ஆடு பத்தினோம், நிலா வெளிச்சத்தில் படுத்துக் கிடந்தோம். அந்த மணலைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

சிவகிரிக்கு மேற்கே மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் ஒன்றுகூடி வெம்பக்கோட்டை அணைக்கு வருகின்றன. அருகே விஜயகரிசல்குளத்தில் 2022 முதல் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் சங்கு வளையல்கள் கிடைத்தன. கடற்சங்கு அத்தனை தூரம் உள்ளே வந்திருக்கிறது என்றால், ஆற்றங்கரை மனிதர்களுக்கும் கடற்கரைக்கும் உறவு இன்று நேற்று உண்டானதல்ல. சாத்தூரில் பாலத்தைக் கடக்கிறவர்களுக்குக் கீழே இருப்பது ஆறா முள்காடா என்று தெரியாது. இருக்கன்குடியில் அர்ச்சுனா நதி வந்து சேர்கிறது. இரண்டு ஆற்றுக்கும் நடுவே மாரியம்மன் இருக்கிறாள். ஆடி கடைசி வெள்ளிக்குக் கரிசல் முழுக்க அங்கேதான் நடக்கும். அவளை இங்கே விட்டுவிட்டுப் போக முடியாது, எங்கள் கதையில் அவளும் வருகிறாள்.

எங்கள் ஊர் விளாத்திகுளத்துக்கு எதிர்க்கரையில் இருக்கிறது. கத்தோலிக்கக் குடும்பங்கள் கொஞ்சம்தான். ஓட்டுக்கூரை போட்ட அந்தோனியார் கோயில். பங்குச் சாமியார் பூசைக்கு எப்போதாவதுதான் வருவார். மற்ற நாட்களில் உபதேசியார்தான் எல்லாம். செவ்வாய்க்கிழமை சாயந்திரம் அந்தோனியார் மன்றாட்டு மாலை சொல்லுவோம். லிஸ்பனில் பிறந்து 1231-இல் பதுவையில் இறந்தவர் என்பதெல்லாம் அப்போது யாருக்குத் தெரியும்? அவர் புளியம்பட்டிக்காரர் என்றே நான் நம்பியிருந்தேன். வருடா வருடம் புளியம்பட்டி அந்தோனியார் கோயில் திருவிழாவுக்குப் போவோம். விடியுமுன் மணலில் நடந்து ஆற்றைக் கடந்து விளாத்திகுளத்தில் பஸ் ஏறுவோம். புளியம்பட்டியில் உப்பும் மிளகும் கொட்டி, மெழுகுதிரி ஏற்றி, அசனம் சாப்பிட்டுத் திரும்பும்போது ஆற்றுமணல் இன்னும் சுட்டுக்கொண்டிருக்கும். அப்பா என்னைத் தோளில் ஏற்றிக்கொள்வார்.

ஓர் ஐப்பசியில் அப்பா விளாத்திகுளத்துக்கு விதை வாங்கப் போனார். எங்கள் பக்கம் ஒரு சொட்டு மழை இல்லை. மேற்கே கொட்டியிருக்கிறது. பொழுது சாய்கிற நேரத்தில் இரைச்சல் கேட்டு ஊரே கரைக்கு ஓடியது. கலங்கல் தண்ணீர், வேரோடு பிடுங்கிய மரம் ஒன்றைச் சுழற்றிக்கொண்டு போனது. அப்பா காலையில் மணலில் இறங்கிப் போனதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள், திரும்பி வந்ததைப் பார்த்தவர்கள் இல்லை.

இருட்டியதும் அப்பத்தா என்னைக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். "நீ கேளுடா. கையில பாலனை வச்சிருக்காரு பாரு. பிள்ளைக கேட்டா அவரு தட்டமாட்டாரு" என்றாள். நான் முழங்காலில் நின்று சுரூபத்தைப் பார்த்தேன். மனப்பாடமாய்த் தெரிந்த செபம் ஒன்றும் வாய்க்கு வரவில்லை. "அப்பாவைக் கரையேத்திருங்க, புளியம்பட்டிக்கு வந்து மொட்டை போட்டுக்கிறேன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். திரி உருகித் தீர்ந்தது. உபதேசியார் இன்னொன்று ஏற்றிவைத்தார்.

நடுச்சாமத்துக்கு மேல் அப்பா வந்தார், விதைமூட்டை தலையில் அப்படியே இருந்தது. பாதி ஆற்றில் இறங்கிய பிறகுதான் தண்ணீர் வந்திருக்கிறது. கூட வந்த ஆடு மேய்க்கிற மாமா, தொரட்டிக் கம்பை ஊன்றி ஊன்றிப் பார்த்து, மணல்மேடு எந்தப் பக்கம் போகிறதென்று கண்டுபிடித்து ஒரு திட்டில் ஏற்றியிருக்கிறார். இடுப்பளவுத் தண்ணீரில் அங்கேயே நின்று, வேகம் குறைந்ததும் கம்பால் தடம் பார்த்துக் கரைசேர்ந்திருக்கிறார்கள். "இருக்கன்குடித் தாயிதான் கொண்டாந்து விட்டா" என்றார் மாமா. அப்பத்தா, "அந்தோனியார்" என்றாள். அப்பா இரண்டு பேருக்கும் தலையாட்டினார். அந்தத் தையில் மாமா எங்களோடு புளியம்பட்டிக்கு வந்து என் மொட்டையைத் தடவிக்கொண்டே அசனம் சாப்பிட்டார். அடுத்த ஆடியில் அப்பா அவரோடு இருக்கன்குடிக்கு நடந்தார். என் செபம் கேட்கப்பட்டது. அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன்.

ஆனால் அந்தோனியார் எதைக் கொண்டு கரையேற்றினார்? மாமாவின் கம்பு ஊன்றிய இடத்தில் மணல் இருந்தது. எந்த மேடு எங்கே போகும் என்று கண்ணை மூடிக்கொண்டு அவரால் சொல்ல முடிந்தது, ஏனென்றால் அதைத் தோண்டியவர் யாரும் இல்லை. பிறகு லாரிகள் வந்தன. ஆற்றுமணல் கூடாது என்று தடை வந்தால் சவுடு மண் என்று சீட்டு வாங்கி அள்ளினார்கள். தென்மாவட்டங்களில் அது உயர் நீதிமன்றம் வரை போன வழக்கு. மணல் போன இடத்தில் ஆள் ஆழத்துக்குக் குழி. தண்ணீர் நிறைந்துவிட்டால் குழியும் தரையும் ஒன்றுபோலத்தான் தெரியும். இன்று அந்த மாமாவே எழுந்து வந்தாலும் கம்பு ஊன்ற இடமில்லை. மீதி இடத்தைச் சீமைக்கருவேலம் பிடித்துக்கொண்டது. அதை வேரோடு அகற்றச் சொல்லி 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற வீடுகள் எங்கள் வட்டாரத்தில் நிறைய, அவர்களிடம் வெட்டு என்பது லேசு, அப்புறம் சாப்பாடு? ஆனால் காட்டில் வளர்ப்பதும் ஆற்றுக்குள் விடுவதும் ஒன்றல்ல. ஆற்றுக்குள் நிற்பதை எடுத்தே ஆகவேண்டும்.

பம்பை–அச்சன்கோவில் தண்ணீரை வைப்பாற்றுக்குத் திருப்பும் திட்டத்தைப் பற்றி, எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து மேடைகளில் பேசுகிறார்கள். கேரளம் இசையவில்லை. நான் அதையெல்லாம் கேட்கவில்லை. இருக்கிற மணலை விட்டுவையுங்கள், தோண்டிய குழிகளை மூடுங்கள். போன திருவிழாவில் எங்கள் கோயில் பொதுமன்றாட்டில் இதையும் சேர்த்தோம். அதே கோரிக்கையை எழுதித் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுவாகவும் கொடுத்தோம். புனிதரிடம் கேட்கவேண்டியதும் அதிகாரியிடம் கேட்கவேண்டியதும் உண்டு. மணல் இரண்டாவது வகை.

ஆறு கடலைச் சேரும் கடைசியில் வைப்பார் என்கிற ஊர். முத்துக்குளித்துறையின் ஏழு கடல்துறைகளில் ஒன்று. 1542-இல் சவேரியார் வந்தது இந்த முத்துக்குளித்துறைக்குத்தான். போர்த்துக்கீசியரான அந்தோனியாரும் இந்தக் கடல்வழியாகத்தான் நம்மிடம் வந்திருக்க வேண்டும். எதிரே மன்னார் வளைகுடாத் தீவுகள். உப்பங்காற்றில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். ஆறு இறங்கினால்தான் இறால் கிடைக்கும் என்றார். பிறகு, "ஒங்க ஊர்ப் பக்கம் இந்த வருசம் தண்ணி வந்துச்சாமே, இங்க வந்து சேரலையே?" என்று கேட்டார்.

"வந்துச்சு அண்ணாச்சி. குழி நெறையவே பத்தல" என்றேன்.