சஸ்பென்ஸ் அக்கவுண்ட்

காமர்ஸ் படித்தவர்களுக்கு சஸ்பென்ஸ் அக்கவுண்ட் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வரி. ட்ரையல் பேலன்ஸ் போடும்போது பற்றும் வரவும் ஒத்துப்போகாமல் அடம்பிடித்தால், வித்தியாசத்தை 'சஸ்பென்ஸ்' என்று ஒரு தலைப்பில் எழுதி வைத்துவிடுவோம். யாருடையது, எதற்கு வந்தது என்பதை அப்புறம் நிதானமாகத் தேடிக்கொள்ளலாம். பி.காம். நாட்களில் என்னை அடிக்கடி காப்பாற்றிய அக்கவுண்ட் இது!

அமெரிக்க சர்க்காரிடமும் இப்படி ஒன்று இருக்கிறது, தெரியுமா? அங்கே சம்பளத்தில் 6.2 சதவிகிதத்தை சோஷியல் செக்யூரிட்டி என்கிற பென்ஷன் நிதிக்குப் பிடிப்பார்கள். முதலாளியும் அதே அளவு போட வேண்டும். பெயரும் நம்பரும் பொருந்தாத சம்பளக் கணக்குகளை ஒரு 'சஸ்பென்ஸ் ஃபைலில்' போட்டு வைப்பார்கள். கல்யாணமாகிப் பெயர் மாற்றிய பெண்களின் கணக்கும் அதில் உண்டு. விசா இல்லாமல், வேறொரு நம்பரைக் காட்டி ஓட்டலில் தட்டு கழுவுகிறவரின் கணக்கும் உண்டு. பணம் நிதிக்குப் போய்விடும். பென்ஷன்? அவர் போய்க் கேட்கவே முடியாது.

இப்படி முறையான அனுமதி இல்லாமல் வசிப்பவர்கள் 2022-ல் மட்டும் எல்லா வரிகளும் சேர்த்து 9,670 கோடி டாலர் கட்டியதாக, வரிக் கொள்கையை ஆராயும் ஓர் அமெரிக்க நிறுவனம் 2024-ல் கணக்குப் போட்டுச் சொன்னது. அதில் 2,570 கோடி டாலர், அவர்கள் வாங்கவே போகாத அந்தப் பென்ஷன் நிதிக்குப் போனது.

'சரி சார், அவங்க சட்டத்தை மீறினவங்க' என்பீர்கள். சட்டப்படி போன நம்ம பிள்ளைகளைப் பாருங்கள். ஹெச்-1பி விசாவுக்குச் சாதாரணமாக ஆயுள் 6 வருடம். அமெரிக்கப் பென்ஷனுக்கோ 10 வருடம் கட்டியிருக்க வேண்டும். இந்த விஷயத்தில் இரு நாட்டுக்கும் ஒப்பந்தம் கிடையாது. 6 வருடம் கட்டிவிட்டு சென்னைக்குத் திரும்பி வரும் இன்ஜினீயரின் பணம் அங்கேயே நின்றுவிடும். ஓட்டு? அதுவும் கிடையாது.

பிறகு என்னதான் கிடைக்கிறது? பத்து வருடத்துக்கு ஒருமுறை ஒரு தலையாக எண்ணப்படுகிறார்கள். அவ்வளவுதான். அதையும் எடுத்துவிடலாமா என்பதுதான் இப்போது அங்கே சண்டை.

அந்தத் தலைக்கணக்கை வைத்துத்தான் பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களையும் மாநிலங்களுக்குப் பிரிக்கிறார்கள். 2020 கணக்கெடுப்பில் நியூயார்க் மாநிலம் ஓர் இடத்தை இழந்தது. இன்னும் 89 பேர் எண்ணப்பட்டிருந்தால் இழந்திருக்காது. ஆமாம், வெறும் எண்பத்தொன்பது பேர்!

2018-ல் ட்ரம்ப் நிர்வாகம், 'நீங்கள் குடிமகனா?' என்ற கேள்வியைப் படிவத்தில் சேர்க்கப் பார்த்தது. 2019-ல் சுப்ரீம் கோர்ட், சொல்லப்பட்ட காரணம் நம்பும்படி இல்லை என்று தடுத்தது. 2020-ல் அனுமதியில்லாதவர்களைக் கழித்துவிட்டு இடங்களைப் பிரிக்க ட்ரம்ப் உத்தரவு போட்டார். 2021-ல் பைடன் அதை ரத்து செய்தார். 2025 ஆகஸ்டில் மறுபடி ட்ரம்ப், அவர்களை விட்டுவிட்டுப் புதிதாக எண்ணச் சொல்லியிருப்பதாக அறிவித்தார்.

எதிர்த்தரப்பு வாதத்திலும் நியாயம் இருக்கிறது. வெளிநாட்டவர் அதிகமுள்ள மாநிலத்துக்குக் கூடுதல் இடம் கிடைத்தால், மற்ற மாநிலத்துக் குடிமகனின் ஓட்டுக்கு மதிப்பு குறைகிறதே என்கிறார்கள். அது பொய்யில்லை.

ஆனால் அவர்கள் அரசியல் சட்டம் என்ன சொல்கிறது? 1868-ல் வந்த 14-வது திருத்தம், ஒவ்வொரு மாநிலத்திலும் உள்ள மொத்த 'நபர்களை' எண்ணு என்கிறது. 'குடிமக்கள்' என்று போடவில்லை. அதற்கு முன் அடிமைகளை ஐந்தில் மூன்று பங்கு ஆளாக எண்ணிய வெட்கக்கேட்டைத் துடைத்த திருத்தம் அது. விலக்கப்பட்டது யார் தெரியுமா? 'வரி கட்டாத இந்தியர்கள்.' பதறாதீர்கள், நாம் இல்லை, அந்த மண்ணின் பூர்வகுடிகள். வரி கட்டாதவனைத்தான் எண்ண வேண்டாம் என்றார்கள். இப்போது கட்டுகிறவனையே எண்ண வேண்டாம் என்கிறார்கள்!

இதில் பயமும் கலந்திருக்கிறது. 1942-ல் ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை முகாம்களில் அடைத்தபோது, அவர்கள் எந்தெந்தப் பகுதியில் இருக்கிறார்கள் என்று காட்டிக்கொடுத்தது 1940 கணக்கெடுப்பு விவரங்கள்தான். அடைபட்டவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள்! இன்று தனிநபர் விவரத்தை வெளியே தரக் கடுமையான தடை இருக்கிறது. இருந்தாலும், கதவைத் தட்டுகிறவர் 'நீ எந்த ஊர்?' என்று கேட்டால் எத்தனை பேர் திறப்பார்கள்?

திறக்காவிட்டால் நஷ்டம் அவருக்கு மட்டுமில்லை. ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கும் சாலைக்கும் மத்திய அரசுப் பணம் இந்தத் தலைக்கணக்கைப் பார்த்துத்தான் பிரிகிறது. பக்கத்து வீட்டில் இருக்கும் அசல் குடிமகனின் பிள்ளையும் அதே நெரிசலான வகுப்பில்தான் உட்கார வேண்டும்.

ஓட்டு கொடுப்பதும் கொடுக்காததும் அந்த நாட்டின் உரிமை. அதில் நாம் தலையிட முடியாது. ஆனால் எண்ணுவது வேறு, ஓட்டு வேறு. பணத்தை வரவு வைத்துக்கொண்டு, கட்டியவன் பெயரை மட்டும் பேரேட்டிலிருந்து எடுத்துவிட்டால், எங்கள் காமர்ஸ் வாத்தியார் பேப்பரைத் திருப்பி முகத்தில் எறிவார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?