கதிர்ச் சிகிச்சைக்கு முன் பல் மருத்துவரிடம்

வாய்ப் புற்றுநோய் கண்ட இல்லங்களுக்கு நற்கருணையுடன் செல்லுகையில் ஒரு முறையீட்டைக் கேட்பதுண்டு: "சாமி, நாங்கள் உயிருக்குப் போராடுகிறோம், டாக்டரோ முதலில் பல்லைக் காட்டிவிட்டு வரச் சொல்லுகிறார்!" டாக்டர் சொல்வதே சரி.

கதிர்வீச்சு உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் வாட்டிவிடுகிறது. உமிழ்நீரின் காவலின்றிப் பற்கள் விரைவில் சொத்தையாகின்றன. தாடை எலும்பிலோ இரத்த ஓட்டம் குன்றுகிறது. அதன்பின் பல்லைப் பிடுங்கினால் புண் ஆறாது எலும்பே அழியக்கூடும். ஆண்டுகள் பல சென்றாலும் இவ்வபாயம் நீங்குவதில்லை. ஆகவேதான் காப்பாற்ற இயலாத பற்களை, புண் ஆறுவதற்கு இடம்விட்டு, கூடுமானால் 2 வாரங்களுக்கு முன்பே அகற்றுகிறார்கள். எல்லாப் பற்களையும் பிடுங்கிவிடுவார்களோ என்று அஞ்ச வேண்டாம்; நல்ல பற்கள் இருக்கும். அவற்றை வாழ்நாள் முழுதும் மருத்துவர் தரும் புளோரைடு மருந்தால் பேணவேண்டும். புகையிலையை, வெற்றிலையோடு மெல்லுவதாயினும், அன்றே விட்டுவிட வேண்டும்.

வாய் வறண்டோர் நற்கருணையை விழுங்கத் தவிப்பதைக் கண்டிருக்கிறேன். குருவிடம் கூச்சமின்றிச் சொல்லுங்கள். சிறு துண்டே போதும். தண்ணீர் பருகுவது நற்கருணை நோன்பை முறிக்காது.

பின்னாளில் எந்தப் பல் மருத்துவரிடம் சென்றாலும், கதிர்ச் சிகிச்சை பெற்றதை அவர் குறடை எடுக்குமுன் சொல்லிவிடுங்கள்.